தோண்டிப் பார்க்க வேண்டாம்



சென்ற மாதம் எங்கள் பங்கில் புதுநன்மை வாங்கிய பிள்ளைகளோடு சேர்ந்து, மாதா கெபிக்குப் பக்கத்தில் ஒரு சரக்கொன்றைக் கன்று நட்டோம். ஐந்தடி உயரம் இருக்கும். பாலித்தீன் பையைக் கிழித்த அவசரத்தில் வேர்மண் உதிர்ந்துவிட்டது. மூன்றாம் நாளே இலைகள் தொங்கின. ஒரு வாரத்தில் பாதி கொட்டிவிட்டன.

பதறிப்போனோம். ஒருவர் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினார். ஒருவர் யூரியா வைத்தார். வேர் பிடித்ததா என்று பிள்ளைகள் தினமும் தண்டை அசைத்துப் பார்த்தார்கள். எல்லாம் அன்பினால்தான். கன்றுக்கோ ஒவ்வொன்றும் புதிய காயம்.

மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுபவை மயிரிழை போன்ற நுண்வேர்கள். அவை அறுந்ததால் இலைகள் இழக்கும் நீரை வேரால் ஈடுகட்ட முடியவில்லை. அசைக்க அசைக்க, புதிதாய் ஓடும் வேரும் அறுகிறது. தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். உரமோ மிஞ்சிய வேரையும் கருக்கிவிடும்.

தோட்டவேலை தெரிந்த பெரியவர் ஒருவர் வந்தார். நகத்தால் பட்டையை லேசாகக் கீறினார். உள்ளே பச்சை தெரிந்தது. "உயிர் இருக்கு சாமி. இனி தோண்டிப் பார்க்காதீங்க" என்றார்.

அவர் சொன்னபடி செய்தோம். தண்டின் இரு பக்கமும் கம்பு ஊன்றி, பழைய துணியால் தளர்வாகக் கட்டினோம். மேற்கு வெயிலுக்குத் தென்னங்கீற்றுத் தட்டி வைத்தோம். அடிமண்ணைச் சருகால் மூடி, தண்டைச் சுற்றி மட்டும் நாலு விரல் இடம் விட்டோம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால்தான் தண்ணீர். அதுவும் மெதுவாக, ஆழமாக இறங்கும்படி. கிளையை வெட்டவில்லை. துளிர் வந்து தழைக்கும்வரை உரமும் இல்லை.

லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் வரும் அத்திமரத்தை நாம் அறிவோம். மூன்று ஆண்டுகளாகக் கனி காணாத உரிமையாளர் அதை வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு கேட்கிறார். சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாகச் சொல்கிறார். நிலைத்து நின்ற அந்த மரத்துக்கு அது தேவைப்பட்டது. வேர் அறுந்து வந்த கன்றுக்குக் கொத்துவதும் ஆகாது, எருவும் ஆகாது. ஆனால் இரண்டுக்கும் ஒன்று வேண்டும்: காலம்.

அன்புக்குரியவர்களே, பிழைப்புக்காக ஊர்விட்டு நம் பங்குக்கு வந்த குடும்பங்கள் உண்டு. அப்படி வந்த ஒரு சிறுவனை மறைக்கல்வி வகுப்பில் முதல் நாளே எழுப்பிப் பாடச் சொன்னோம். "ஏன் வந்தீங்க? அப்பா எங்கே?" என்று ஆளாளுக்குக் கேட்டோம். மூன்றாம் வாரம் அவன் வரவில்லை. 'ஒட்டாத பிள்ளை' என்று பேசிக்கொண்டோம். அவனையும் நாம் அசைத்துத்தான் பார்த்திருக்கிறோம்.

அந்த வீட்டுக்கு இந்த வாரம் போவோம். கேள்வி எதுவும் வேண்டாம். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவோம். அடுத்த வாரமும் போவோம். ஊன்றிய கம்பு கன்றைப் பிடித்து இழுப்பதில்லை. காற்றடிக்கும்போது கூட நிற்கிறது, அவ்வளவுதான்.

கொன்றையில் இன்னும் துளிர் வரவில்லை. பட்டைக்குள் பச்சை இருக்கிறது. காத்திருக்க அது போதும். நம்மேல் பொறுமையாயிருக்கும் ஆண்டவர், பிறர்மேல் பொறுமையாயிருக்க நமக்கும் அருள்வாராக. ஆமென்.