கதவைத் திறந்த கொரியா



"பிள்ளைகள் கொரிய நாடகமே கதி என்று கிடக்கிறார்கள்" என்று எனக்கு முன்னால் பேசிய நண்பர் வருத்தப்பட்டார். எங்கள் வீட்டில் அப்படிக் கிடப்பது என் அம்மா! ஆகவே நான் குறைசொல்லப் போவதில்லை. கொரியர்கள் இதை எப்படிச் சாதித்தார்கள் என்று பார்ப்போம்.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அந்தக் காயத்தால், விடுதலைக்குப் பிறகு தென்கொரியாவில் ஜப்பானியப் பாடல்களுக்கும் திரைப்படங்களுக்கும் தடை இருந்தது. 1998ல் அதிபர் கிம் டே ஜுங் அதைப் படிப்படியாக நீக்கத் தொடங்கினார். முந்திய ஆண்டுதான் நாடு பெரும் நிதி நெருக்கடியில் சிக்கியிருந்தது. "நம் கலை அழிந்துவிடும்" என்று பலர் அஞ்சினார்கள்.

நடந்தது என்ன? 2003ல் கொரியத் தொடர் 'வின்டர் சொனாட்டா' ஜப்பானின் என்எச்கே ஒளிவழியில் ஏறியது. மறு ஆண்டு அதன் நாயகன் பே யோங் ஜுன் ஜப்பான் சென்றபோது, ஆயிரக்கணக்கானோர் விமான நிலையத்தில் காத்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வயதுப் பெண்கள்!

கதவைத் திறந்ததோடு அரசாங்கம் நின்றுவிடவில்லை. பண்பாட்டுத் தொழில்களை வளர்க்க 1999ல் தனிச்சட்டமே இயற்றியது. கலைஞர்களும் அயலாருக்காகத் தங்களை மாற்றிக்கொள்ளவில்லை. அரண்மனைச் சமையலறையில் வளர்ந்து அரசரின் மருத்துவரான பெண்ணின் கதைதான் 'டே ஜாங் கும்'. அதைப் பல நாடுகள் பார்த்தன. கொரிய மொழியில் எடுத்த 'பாரசைட்', 2020ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்றது. ஆங்கிலமல்லாத படம் ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதல்முறை.

இதற்கு விலையும் உண்டு. 13 ஆண்டு ஒப்பந்தம் அநியாயம் என்று 2009ல் புகழ்பெற்ற பாடகர்கள் மூவர் நீதிமன்றம் சென்றார்கள். அதே ஆண்டு அந்நாட்டு வாணிப ஆணையம் வகுத்த மாதிரி ஒப்பந்தத்தில் உச்சவரம்பு 7 ஆண்டுகள். கண்ணைப் பறிக்கும் அந்த மேடைக்குப் பின்னால் இளையர்கள் படும் பாட்டையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

நண்பரே, பிள்ளைகளைக் கண்டிப்பதற்கு முன் என்னைப் போன்ற தொலைக்காட்சிக்காரர்களைக் கேளுங்கள். அவர்கள் விரும்பி உட்கார்ந்து பார்க்கும்படி நாங்கள் தமிழில் என்ன தயாரித்தோம்? அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு எங்களுடையது.