மின்சார வேலைக்கு யோக்கியதை எது?

(திருமுக்கூடலில் செய்த சொற்பொழிவின் சாரம்)



பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இவ்வூர்ப் பெருமாள் கோவிலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கையுள்ள ஒரு ஆஸ்பத்திரியையும், அதில் வைத்தியருக்கும் ரணசிகிச்சை செய்பவருக்கும் கொடுத்த சம்பளத்தையும் அது சொல்லுகிறது. பெருமாள் பக்கத்திலேயே இருந்தும் வைத்தியன் வேண்டியிருந்தான் என்றால், உயிர் காக்கிற காரியத்துக்கு வேலை தெரிந்த மனிதன்தான் வேண்டுமென்று அன்றைக்கே தெரிந்திருந்தது என்றுதானே அர்த்தம்?

இன்று நம் வீட்டில் ஓடுகிற 230 வோல்ட் மின்சாரம், தொட்டவன் என்ன ஜாதி, நெற்றியில் என்ன குறி என்று பார்ப்பதில்லை. நாமோ ஆயுத பூஜையன்று மெயின் போர்டுக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறோம். எர்த் கம்பி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்துகிற கருவி கடையில் கிடைக்கிறது. எலுமிச்சம்பழம் கட்டினால் நிற்குமா?

ஆகவே இவ்வேலைக்கு யோக்கியதை வேண்டும். பல்பு மாற்றுவது போன்ற சில்லறைக் காரியம் நீங்கலாக, மற்ற ஒயரிங் வேலையை லைசென்சு பெற்ற ஒப்பந்தக்காரர் மூலம், தகுதிச் சான்றுள்ளவர் மேற்பார்வையில்தான் செய்யவேண்டுமென்று மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் வருஷத்து விதிகள் சொல்லுகின்றன. தமிழ்நாடு சர்க்கார் நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒயரிங் தொழிலில் 5 வருஷத்துக்குக் குறையாத அனுபவம் வேண்டும். தொழிலாளர்களுக்கான மாலை வகுப்பில் கம்பியாள் பிரிவில் தேறியவர்கள் விண்ணப்பிக்கலாம். மேல் வயது வரம்பு இல்லை. கோத்திரம் கேட்கவில்லை, கை செய்த வேலையைத்தான் கேட்கிறார்கள். இதுவல்லவா நியாயமான யோக்கியதை?

ஆனால் இங்கேயும் ஒரு புதுப் புரோகிதன் முளைத்திருக்கிறான். பத்து வருஷம் சுவர் கொத்திக் குழாய் புதைத்த பையன், "ஐயா, அனுபவச் சான்று எழுதிக் கொடுங்கள்" என்றால் முதலாளி மறுக்கிறார். சான்று கிடைத்தால் பையன் கூலி உயர்த்திக் கேட்பானாம்! கம்பியையே தொடாதவனோ காசு கொடுத்துச் சான்று வாங்குகிறான். பாடுபட்டவனுக்கு மறுப்பதும், பாடுபடாதவனுக்கு அளிப்பதும் பழைய வர்ணாசிரமந்தானே! அந்த வர்ணாசிரமம் மானத்தைக் கெடுத்தது. இது உயிரையே வாங்கும்.

ஆகையால், வாலிபத் தோழர்களே! எந்த வீட்டில், எந்தத் தேதியில், என்ன வேலை செய்தோமென்று முதல் நாள் தொட்டே நோட்டில் எழுதி வையுங்கள். சான்றைப் பிச்சையாகக் கேட்காதீர்கள்; உரிமையாகக் கேளுங்கள். வீட்டுக்காரர்களே! கூலி குறைவு என்று பார்க்காமல், சான்று இருக்கிறதா என்று பாருங்கள். பொட்டு வைக்கிற கையைவிட எர்த் பார்க்கிற கையே உங்கள் பிள்ளைகளைக் காக்குமென்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.