தீப்பொறிக்கு நேரம் குறித்தல்

சென்னையிலிருந்து திருத்தணி, நகரி வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலையில் புத்தூர் உள்ளது. ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்த அவ்வூரின் பெயரைத் தமிழ்நாடெங்கும் அறியச் செய்தது புத்தூர்க் கட்டு. எலும்பு முறிந்த இடத்தில் பச்சிலையும் முட்டையின் வெண்கருவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் கட்டும் வைத்தியம் அது.

நாம் ஒரு முறை நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு அங்கே சென்றோம். அவர் வண்டியிலிருந்து விழவில்லை. வண்டி ஓடவும் இல்லை. நின்றிருந்த புல்லட் மோட்டார் சைக்கிளைக் கிளப்ப அவர் கிக்கரை மிதித்தார். கிக்கர் திருப்பி உதைத்தது. கணுக்காலில் எலும்பு விட்டுவிட்டது. முந்திய நாள்தான் ஒரு பணிமனையில் அவ்வண்டிக்குப் புதிய பாயிண்ட் பொருத்தியிருந்தார்கள். பாயிண்ட் புதியது, ஆனால் டைமிங் பார்க்கப்படவில்லை. அந்தச் சிறு வேலை எத்தகையது என்பதை நேயர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.

சென்னையை அடுத்த திருவொற்றியூரில் 1956ஆம் ஆண்டு முதல் உருவாகி வந்த புல்லட் வண்டியின் இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர் 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. பிஸ்டன் 90 மில்லிமீட்டர் தூரம் மேலும் கீழும் ஓடுகிறது. இயந்திரம் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு தீப்பொறி வேண்டும். நிமிஷத்துக்கு 3,000 சுற்று என்றால், ஒரு விநாடியில் 25 தீப்பொறிகள். அவை ஒவ்வொன்றும் உரிய கணத்தில் பிறக்க வேண்டும்.

அந்தக் கணம் எது? பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னர். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை நொடியில் எரிந்து தீர்வதில்லை. தீ பரவச் சிறிது நேரம் பிடிக்கிறது. ஆதலால் பொறி முந்திக்கொள்ள வேண்டும். வேகம் கூடக்கூட இன்னும் முந்த வேண்டும். இதற்காகவே சுழலும் இரு சிறு எடைகளும் வில்கம்பிகளும் கொண்ட ஓர் அமைப்பு காமுடன் இணைக்கப்பட்டிருக்கிறது. மெல்ல ஓடும்போது பொறியைப் பிந்த வைப்பதும், விரைந்து ஓடும்போது முந்த வைப்பதும் அதன் பணி.

பொறி மிகவும் பிந்தினால் வண்டி வலுவிழக்கும். வெப்பம் வீணாகப் புகைக்குழாயை நோக்கிப் பாயும். திருமலைப் பாதை போன்ற ஏற்றங்களில் இயந்திரம் திணறும். மிகவும் முந்தினாலோ, உச்சியைத் தாண்டாத பிஸ்டனைத் தீ கீழே தள்ளிவிடும். கிளப்பும் வேளையில் அந்தத் தள்ளல் கிக்கர் வழியாகக் காலில் வந்து இறங்கும். நம் நண்பருக்கு நேர்ந்தது இதுவே.

இனி வேலைக்கு வருவோம். இதில் வரிசை முக்கியம்: முதலில் பாயிண்ட் இடைவெளி, பிறகே டைமிங். பாயிண்ட் முனைகளில் மேடும் பள்ளமும் இருந்தால் மெல்லிய அரத்தால் சமன்செய்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். மிகவும் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுவதே நலம். முனைகளில் நெருப்புச் சிதறல் மிகுதியாகத் தெரிந்தால் கண்டன்சரையும் சந்தேகிக்க வேண்டும். பிறகு பாயிண்ட் முழுவதும் திறந்த நிலையில் பில்லர் கேஜால் அளந்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைக்க வேண்டும். இடைவெளியைக் கூட்டினால் பாயிண்ட் முன்னதாகத் திறக்கும், பொறியும் முந்தும். குறைத்தால் பிந்தும். டைமிங் வைத்த பின்னர் இடைவெளியைத் தொட்டவர் டைமிங்கைக் கலைத்தவரே ஆவார்.

அடுத்து, இக்னிஷனை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மேல் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னோக்கி உருட்ட வேண்டும். பிஸ்டன் இருமுறை உச்சிக்கு வரும். நமக்கு வேண்டியது கலவையை அழுத்தி வரும் முறை. அப்போது வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும். புஷ்ராடுகள் விரலால் திருகினால் தாராளமாகச் சுழலும். அந்த உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் பிஸ்டனை நிறுத்த வேண்டும். பழைய 350 புல்லட்டுக்கு, காம் முழுவதும் பிந்திய நிலையில் வைக்கும் அளவு இது. பிற வண்டிகளுக்கு அவற்றின் கையேட்டைப் பார்க்க வேண்டும். பிளக் துளை சாய்வானது. கம்பியை விட்டுக் குத்துமதிப்பாய் அளந்தால் பிழை வரும். குறி தாண்டிவிட்டால் சிறிது பின்னே உருட்டுவதோடு நில்லாமல், நன்றாகப் பின்னே கொண்டுபோய் மறுபடி முன்னோக்கி வர வேண்டும். பற்சக்கரங்களின் தளர்ச்சி அளவைக் கெடுக்காதிருக்க இதுவே வழி.

இப்போது சிகரெட் தாள் போன்ற மெல்லிய காகிதத் துண்டைப் பாயிண்ட் முனைகளுக்கிடையே வைத்து மெல்ல இழுத்துக்கொண்டு, பாயிண்ட் அமர்ந்த தட்டைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். காகிதம் பிடியிலிருந்து விடுபடும் கணமே பொறி பிறக்கும் கணம். அங்கே திருகை முடுக்கிவிட்டு, இயந்திரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி மீண்டும் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். திருகை முடுக்கும்போதே தட்டு நகர்வது உண்டு. எடைகளின் வில்கம்பிகள் தளர்ந்து, காம் பின்னுக்குத் திரும்பாமல் நின்றால், எவ்வளவு கவனமாய் அளந்தும் பயனில்லை. கிக்கர் உதைக்கவே செய்யும்.

இன்றைய வண்டிகளில் பாயிண்ட் இல்லை. எலெக்ட்ரானிக் முறை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எனினும் பழைய புல்லட்டுகள் நம் சாலைகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றை மிதிப்பவை மனிதர் கால்கள்தாம்.

நண்பரின் கணுக்காலைத் தடவிப் பார்த்த வைத்தியர் உடனே கட்டிவிடவில்லை. எக்ஸ்ரே படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், எலும்பை நேர்ப்படுத்தினார், அதன் பிறகே துணியைச் சுற்றினார். நேர்ப்படுத்தாமல் கட்டினால் கோணலாகவே கூடிவிடும் என்றார். இயந்திரத்துக்கும் அதே நீதிதான். அளந்து நேர்ப்படுத்திய பின் திருகை முடுக்குவோம். கிக்கர் காலுக்குப் பணிந்து நடக்கும்.