ஏற்றத்தில் வண்டியைக் கிளப்புதல்

வேலந்தாவளத்துச் சமநிலத்தில் மோட்டார் ஓட்டப் பழகியவர், ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில்தான் ஒரு புதிய அச்சத்தை அறிகிறார். ஏற்றத்தில் நின்று மறுபடி கிளம்புகையில் வண்டி பின்னே உருளுமோ என்பதே அது.

நேயர்களே, அதற்கு மருந்து கைப்பிரேக். அதை இழுத்துவிட்டு, கிளச்சை முழுதும் அழுத்தி முதல் கியரில் இடுக. ஆக்ஸிலரேட்டரைச் சிறிது மிதித்தவாறே கிளச்சை மெல்லத் தளர்த்துக. எஞ்சினின் ஓசை தாழும். வண்டியின் முன்புறம் சற்றே நிமிரும். விசை சக்கரங்களை எட்டியதற்கு அதுவே அடையாளம். அக்கணத்தில் கைப்பிரேக்கை விடுக; வண்டி முன்னேறும்.

பாதி தளர்த்திய கிளச்சினாலேயே வண்டியைத் தாங்கி நிற்பது சாமர்த்தியமன்று. தகடு உராய்ந்து கருகும்.

இறங்கி வருவோர்க்கும் கடமை உண்டு. குறுகிய மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி நின்று வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. கிளம்பும் தொல்லை யாருக்கு மிகுதி என்பதை அறிந்த விதி அது.