உறைபனியும் வரையாடும்



விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப்புகள் வரிசையாக மலை ஏறுகின்றன. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் அவற்றில் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி போடிமெட்டு வந்ததும் குளிர்காற்று முகத்தில் அடிக்கிறது. அங்கே சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம்.

சில வருடங்களில் மார்கழி, தை மாதங்களில் கூட அங்கே குளிர் அதிகம் இருப்பதில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதிதான். ஆனால் அந்த மலைகளின் உச்சியில் ஓர் ஆடு வாழ்கிறது. குளிர் குறைவது அதற்கு நல்லதா?

அந்த ஆட்டின் பெயர் வரையாடு. வரை என்றால் மலை. சங்க இலக்கியத்தில் இதற்கு வருடை என்று பெயர். தமிழ்நாட்டின் மாநில விலங்கு இதுதான். தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரண்டு மாநிலங்களின் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறு எங்கும் இது இயற்கையாக வாழவில்லை. போடிமெட்டுக்கு வடக்கே கொழுக்குமலையை அடுத்துள்ள மீசைப்புலிமலையில் வரையாடு உண்டு. மூணாறைத் தாண்டிய இரவிகுளம் தேசியப் பூங்காவில்தான் மிக அதிகம். அங்கே மட்டும் எண்ணூறுக்கும் மேல் இருக்கின்றன.

வரையாட்டுக்கு இரண்டு இடங்கள் வேண்டும். மேய்வதற்குப் புல்வெளி. ஆபத்து வந்தால் ஓடி ஏறுவதற்குச் செங்குத்தான பாறை. பாறையை யாரும் எடுத்துப் போய்விட முடியாது. புல்வெளிதான் பறிபோகிறது.

உயரமான மலைகளில் பள்ளங்களில் அடர்ந்த சோலைக்காடு இருக்கும். மேடுகளிலும் சரிவுகளிலும் புல் மட்டுமே இருக்கும். "மரம் இல்லாத மொட்டை மலை" என்று பலர் அதை ஏளனமாகச் சொல்வது வழக்கம். அது தவறு. யாரோ காட்டை வெட்டியதால் உண்டான இடம் அல்ல அது. நீலகிரியில் மக்கிய மண்ணை எடுத்து ஆராய்ந்தார்கள். புல்வெளி அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக இருப்பது தெரிந்தது.

அப்படியானால் அங்கே ஏன் மரம் வளரவில்லை? இங்கேதான் குளிர் வருகிறது. காலையில் இலையில் நீர்த்துளியாக நிற்பது சாதாரணப் பனி. வானம் தெளிந்து காற்று அசையாத இரவில் வெப்பம் பூஜ்ஜியம் டிகிரிக்கு இறங்கும். அப்போது புல்லின் மேல் உப்புத் தூவியது போல வெள்ளையாகப் படிவது உறைபனி. திறந்த வெளியில் முளைத்த சோலை மரக் கன்று உறைபனியில் கருகிவிடும். புல்லின் குருத்தோ தரையை ஒட்டி இருக்கிறது. மேல் தாள் கருகினாலும் மழை வந்ததும் மறுபடி துளிர்க்கும். உறைபனியோடு காட்டுத் தீயும் சேர்ந்தே புல்வெளியைக் காத்து வந்தது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

உறைபனி விழும் இரவுகள் குறைந்தால் என்ன ஆகும்? காவல் தளர்ந்த வயல் போலத்தான். கன்றுகள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் உள்ளூர் மரங்கள் மெதுவாக வளர்பவை. அவற்றால் பெரிய ஆபத்து இல்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம்தான் பெரிய பகை. அது உறைபனியையும் ஓரளவு தாங்கும். அதன் விதை பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கும். தீ பட்டதும் கூட்டமாக முளைக்கும். பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1973-லிருந்து 2014-க்குள் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. வாட்டிலும் யூகலிப்டசும் பைனும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. மரம் நடுவது எங்கும் நல்லது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அதனால் வரையாட்டை மட்டும் எண்ணினால் போதாது. அது நிற்கும் புல்லையும் பார்க்க வேண்டும்.

எண்ணுவது எப்படி? மலையைப் பல பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு குழு நடக்கிறது. சிறிது நேரம் விட்டு இன்னொரு குழு அதே வழியில் தனியாக நடக்கிறது. ஒரு குழு பார்க்காமல் விட்டதை மற்றது பார்த்திருக்கும். இரண்டு குறிப்பையும் சேர்த்துப் பார்த்தால், இருவர் கண்ணிலும் படாதவை எத்தனை இருக்கும் என்று கணக்கிடலாம். 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாட்களில் எண்ணின. எல்லைக் கல் ஆட்டுக்குத் தெரியாது அல்லவா? தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365, மொத்தம் 2,668. 2024-இல் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 1,031 ஆக இருந்தது. ஒரே வருடத்தில் இவ்வளவு குட்டிகளா என்று வியக்க வேண்டாம். இரண்டாம் முறை கூடுதல் இடங்களில் தேடினார்கள். அதுவும் ஒரு காரணம்.

தலையை எண்ணுவதைவிடக் குட்டியை எண்ணுவது முக்கியம். வரையாடு பெரும்பாலும் சனவரி, பிப்ரவரி மாதங்களில் குட்டி போடும். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான். அதனால்தான் இரவிகுளத்தில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை. பெட்டைகளோடு குட்டிகள் போதுமான அளவில் நின்றால் மந்தை தழைக்கும். பெட்டைகள் நிறைய இருந்தும் குட்டிகள் இல்லை என்றால் ஏதோ கோளாறு. முதிர்ந்த கடாவை அடையாளம் காண்பது எளிது. உடல் கறுத்திருக்கும். முதுகில் சேணம் போட்டது போல வெளிறிய திட்டு தெரியும்.

குட்டி பிறந்து சில வாரங்களில் தீக் காலம் வந்துவிடுகிறது. மழையும் பனியும் குறைந்த வருடத்தில் புல் சீக்கிரம் காய்ந்துவிடும். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு அருகே குரங்கணி மலையில் பற்றிய புல் தீயை இந்தப் பகுதி மறக்காது. மலையேற்றத்துக்கு வந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கி மனிதனைவிட வேகமாக ஓடும். இரவிகுளத்தில் முதுவர் மக்கள் தீத்தடுப்புப் பாதை அமைக்கும் வேலையிலும் காவல் வேலையிலும் பங்கு கொள்கிறார்கள். எந்தச் சரிவு எப்போது காயும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஒரு வருடம் பனி இல்லை என்பதை வைத்து மலை மாறிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பத்து வருடக் குறிப்பு வேண்டும். அந்தக் குறிப்பை எழுதப் பெரிய படிப்பு தேவையில்லை. தேயிலைத் தோட்டத்திலும் ஏலத்தோட்டத்திலும் வேலை செய்கிறவர்கள் தினமும் மலையைப் பார்க்கிறார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஆட்டை நெருங்கிப் போகவும் வேண்டாம். எதிர்ச் சரிவிலிருந்து பார்த்தாலே போதும். நாள், நேரம், இடம், கண்டது, இவ்வளவுதான். ஒன்றும் காணாத நாளிலும் "காணவில்லை" என்று எழுத வேண்டும். பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

உதாரணமாக ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

"தை 12. காலை ஏழு மணி. வானம் தெளிவு. புல்லில் நீர்ப்பனி மட்டும், உறைபனி இல்லை. மேல் பாறையில் ஒன்பது ஆடுகள். பெட்டை ஐந்து, குட்டி மூன்று, கடா ஒன்று. ஓடைப் பக்கம் புதிய வாட்டில் கன்றுகள், முழங்கால் உயரம்."