பெயர் கேட்டலும் பெயர் சொல்லலும்: ஸ்பானிய மொழியின் முதற்பாடம்



எந்த மொழியைக் கற்கப் புகுந்தாலும் முதற்பாடம் பெயர் கேட்பதாகவும் பெயர் சொல்வதாகவுமே அமைகிறது. எளியதெனக் கருதிப் பாடநூலார் அதனை முதலில் வைக்கின்றனர். ஆயினும், ஒரு மொழியினர் தம் எதிரே நிற்கும் மனிதரை எவ்வாறு மதிக்கின்றனர் என்பதை அந்த முதற்பாடமே உணர்த்திவிடுகிறது. இவ்வுண்மைக்கு ஸ்பானிய மொழி சிறந்த சான்றாகும்.

ஸ்பானியர் ஒருவரது பெயரை அறிய விரும்பினால், ‘கோமோ தே யாமாஸ்?’ என்று வினவுவர். ‘உன் பெயர் என்ன?’ என்று தமிழில் பொருள் கூறிவிடலாம். ஆனால் சொற்களுக்கு நேர்ப்பொருள் அதுவன்று. ‘கோமோ’ என்பது ‘எவ்வாறு’. ‘தே’ என்பது ‘உன்னை’. ‘யாமாஸ்’ என்பது ‘அழைக்கிறாய்’. ஆக, ‘உன்னை நீ எவ்வாறு அழைத்துக்கொள்கிறாய்?’ என்பதே வினா. இதற்கு விடை ‘மே யாமோ’ எனத் தொடங்கும். ‘என்னை நான் இன்னவாறு அழைத்துக்கொள்கிறேன்’ என்பது அதன் பொருள். அவ்வினைச்சொல்லின் மூலம் இலத்தீனில் ‘கூவுதல்’ என்னும் பொருளுடைய ‘கிளாமாரே’ என்பதாகும். கதவைத் தட்டி அழைப்பதற்கும், தொலைபேசியில் அழைப்பதற்கும், பெயர் சொல்வதற்கும் ஸ்பானியத்தில் இந்த ஒரு வினையே பயன்படுகிறது. பெயர் என்பது ஏட்டில் எழுதிய குறி என்பதினும் வாயினின்று எழும் குரல் என்னும் உணர்வு அச்சொல்லிலேயே உறைந்து கிடக்கிறது.

தமிழறிந்தோர்க்கு இவ்வினைச்சொல்லின் அமைப்பு புதிதன்று. ‘யாமோ’ என்பதன் ஓகார ஈறு தன்மை ஒருமையையும், ‘யாமாஸ்’ என்பதன் ‘ஆஸ்’ ஈறு முன்னிலை ஒருமையையும் காட்டுகின்றன. ‘அழைக்கிறேன்’, ‘அழைக்கிறாய்’ என்பவற்றில் ஏன், ஆய் ஈறுகள் செய்யும் பணியும் இதுவே. எனவே ‘நான்’, ‘நீ’ என்னும் எழுவாய்களைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை. தன் பெயரைச் சொல்லும்போதும் ‘நான்’ என்பதை முன்னிறுத்தாது வினையின் ஈற்றில் ஒடுக்கிவிடும் அடக்கம் இரு மொழிகளுக்கும் பொதுவாக உள்ளது.

மரியாதை வழக்கிலும் ஓர் ஒப்புமை உண்டு. முதியோரையும் அறிமுகமில்லாதோரையும் நோக்கி ‘கோமோ சே யாமா உஸ்தேத்?’ என்று கேட்பர். ‘உஸ்தேத்’ என்னும் சொல், ‘உங்கள் அருள்’ என்று பொருள்படும் ‘புவெஸ்த்ரா மெர்செத்’ என்னும் பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து உருவானது. பேசப்படுவது அவருடைய அருளைப் பற்றி என்பதால் வினை படர்க்கையில் நிற்கிறது. எதிரே இருப்பவரை ‘அவர்’ ஆக்கிச் சற்றே உயர்த்தி வைப்பதே அங்கு மரியாதை. படர்க்கைக்குரிய ‘தாம்’ என்னும் பெயரினின்று தோன்றிய ‘தாங்கள்’, தமிழில் முன்னிலை மரியாதைச் சொல்லாக வழங்குவது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. தமிழில் வினைமுற்று முன்னிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஸ்பானியத்தில் வினைமுற்றும் படர்க்கையிலேயே நின்றுவிடுகிறது என்பதே வேறுபாடு.

அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் மத்திய அமெரிக்க நாடுகளிலும் ‘தூ’ என்னும் முன்னிலைக்கு மாறாக ‘வோஸ்’ என்னும் பழஞ்சொல் நெருக்கத்தைக் குறிக்க வழங்குகிறது. புவெனோஸ் ஐரெஸ் நகரத்தார் அதே வினாவைக் கேட்கும்போது ‘யா’ என்பது ‘ஷா’ என ஒலிக்கும். அழுத்தம் ஈற்றசைக்கு நகரும். கொலம்பியாவின் சில பகுதிகளிலோ, குடும்பத்தாரும் நண்பரும்கூடத் தம்முள் ‘உஸ்தேத்’ என்றே விளித்துக்கொள்வர். எந்தச் சொல் மரியாதை, எந்தச் சொல் உரிமை என்பதை இலக்கண நூலைவிட அந்தந்த ஊரே தீர்மானிக்கிறது.

பெயரைச் சொன்னபின் ‘முச்சோ குஸ்தோ’, அதாவது ‘மிக்க மகிழ்ச்சி’ என்பது மரபு. ‘என்கந்தாதோ’ என ஆணும் ‘என்கந்தாதா’ எனப் பெண்ணும் கூறுவதும் உண்டு. ‘சோய்’ என்னும் சொல்லாலும் ஒருவர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளலாம். நிலையாத தன்மைகளுக்கும் இருக்கும் இடத்துக்கும் வேறொரு வினையை வைத்துள்ள இம்மொழி, பெயர், பிறந்த நாடு, தொழில் போன்றவற்றிற்கு ‘சோய்’ என்பதை வழங்குகிறது. ‘சோய் போயேதா’ என்றால் ‘கவிஞர்’ என்று தம்மைச் சொல்லிக்கொள்வதாகும். பெண்பாற் கவிஞரைக் குறிக்கப் ‘போயெதீசா’ என்னும் தனிச்சொல் இருந்தும், பெண் கவிஞர் பலர் அதனை ஏற்காது ‘போயேதா’ என்பதையே தமக்கும் உரிமையாக்கிக்கொண்டனர். அறிமுகம் செய்துகொள்வதிலும் ஒரு போராட்டம் அடங்கியிருப்பதற்கு இது சான்று.

ஸ்பெயினிலும் அம்மொழி வழங்கும் பெரும்பாலான நாடுகளிலும் ஒருவர்க்கு இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. முதலாவது தந்தை வழியினது, இரண்டாவது தாய் வழியினது. காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் என்னும் பெயரில் கார்சியா தந்தையுடையது, மார்க்கேஸ் தாயுடையது. மணம் முடித்தாலும் ஸ்பெயின் நாட்டுப் பெண்ணின் பெயர் மாறுவதில்லை. பெற்றோர் உடன்பட்டால் தாயின் பெயரை முன்வைக்கலாம் என 1999-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கு இடமளித்தது. தந்தை பெயருக்கு இருந்த முன்னுரிமை 2017-இல் முற்றிலும் நீங்கியது. தந்தையின் முதலெழுத்தை மட்டுமே நெடுங்காலம் தலைப்பெழுத்தாகக் கொண்டுவந்த தமிழர்க்கு இச்செய்தி சிந்தனைக்குரியது.

‘என்னை நான் இவ்வாறு அழைத்துக்கொள்கிறேன்’ என்னும் தொடரை அதன் முழுப்பொருளில் வாழ்ந்து காட்டியவர் அம்மொழி இலக்கியத்தில் பலர். செர்வாந்தேஸ் 1605-இல் வெளியிட்ட நாவலின் தலைவன், தன் குதிரைக்குப் பெயர் தேட நான்கு நாளும், தனக்குப் பெயர் தேட எட்டு நாளும் செலவிட்டு, ‘தோன் கிஹோத்தே’ என்று தன்னைத் தானே பெயரிட்டுக்கொள்கிறான். 1615-இல் வந்த இரண்டாம் பாகத்தின் முடிவில், மரணப் படுக்கையில், அப்பெயரைத் துறந்து அலோன்சோ கிஹானோ என்னும் இயற்பெயருக்குத் திரும்புகிறான். ஒரு பெயருக்கும் மற்றொரு பெயருக்கும் இடையில் அவன் வாழ்ந்த காலமே அப்பெருங்காவியம்.

சிலி நாட்டின் தெற்கே தெமுக்கோ என்றொரு ஊர். 1920-ஆம் ஆண்டில் அங்குள்ள பெண்கள் பள்ளிக்குத் தலைமையேற்று வந்தவர் லூசிலா கோதோய் அல்காயாகா. அவ்வூரில் வளர்ந்த பதினாறு வயது இளைஞர் ரிக்கார்தோ எலியேசர் நெஃப்தாலி ரெயேஸ் பசோஆல்தோ அவரைச் சந்தித்தார். முன்னவர் காப்ரியேலா மிஸ்திரால் என்னும் பெயரை ஏற்கெனவே சூடியிருந்தார். பின்னவர் அதே ஆண்டில் பாப்லோ நெரூதா என்னும் பெயரைத் தேர்ந்துகொண்டார். மகன் கவிஞனாவதை விரும்பாத தந்தைக்கு மறைவாக எழுதவும் அப்பெயர் உதவிற்று. 1946-இல் அதுவே அவரது சட்டப்பூர்வமான பெயரும் ஆயிற்று. நோபல் பரிசு 1945-இல் அந்த ஆசிரியைக்கும் 1971-இல் அந்த இளைஞருக்கும், அவர்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயர்களிலேயே வந்து சேர்ந்தது.

ஆனால் இதே மொழி, பிறர் பெயரை அழித்த வரலாறும் உடையது. ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸ் தீவுகளில், ஆளுநர் நார்சிசோ கிளாவெரியா 1849 நவம்பர் 21 அன்று ஓர் ஆணை பிறப்பித்தார். வரி வசூலுக்கும் குடிக்கணக்குக்கும் எளிதாக இருக்கவேண்டி, அகரவரிசையில் தொகுத்த குடும்பப் பெயர்ப் பட்டியல் ஒன்று ஊர்தோறும் அனுப்பப்பட்டது. அதிலிருந்தே மக்களுக்குப் பெயர்கள் வழங்கப்பட்டன. சில ஊர்களில் ஏறத்தாழ எல்லாக் குடும்பப் பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்குவது அதன் விளைவாகும். அங்கே மக்கள் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளவில்லை; அழைக்கப்பட்டனர்.

ஆளவந்தோரின் மொழியையே தம் குரலாக ஆக்கிக்கொண்டோரும் உண்டு. குவாதமாலாவின் கிச்சே இனப் பெண்மணி ரிகோபெர்த்தா மெஞ்சு, வளர்ந்தபின் கற்ற ஸ்பானியத்தில் தம் வாழ்வைச் சொல்ல, எலிசபெத் புர்கோஸ் தொகுத்த நூல் 1983-இல் வெளிவந்தது. அதன் தலைப்பே ‘மே யாமோ’ என்னும் முதற்பாடத் தொடரால் தொடங்குகிறது. நூலின் சில விவரங்கள் பற்றி 1990-களின் இறுதியில் விவாதம் எழுந்தது உண்மையே. எனினும், பட்டியலில் எண்ணாக இருந்த ஓர் இனம் தன் பெயரைத் தானே உலகுக்குச் சொல்லிய நிகழ்ச்சி என்னும் பெருமை அதற்குக் குறையவில்லை. 1992-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அனைத்தினும் துயரமானது அர்ஜென்டினாவின் கதை. 1976 முதல் 1983 வரை நிகழ்ந்த இராணுவ ஆட்சியில் காணாமற்போக்கப்பட்டோரின் குழந்தைகள் கவரப்பட்டு, வேறு குடும்பங்களில் வேறு பெயர்களில் வளர்க்கப்பட்டனர். அக்குழந்தைகளைத் தேடி, அவர்களின் பாட்டிமார் 1977-இல் பிளாசா தே மாயோ பாட்டிமார் சங்கத்தை நிறுவினர். அத்தகைய குழந்தைகள் சுமார் 500 பேர் என்பது அவர்தம் கணக்கு. குருதிவழி மரபைச் சோதித்தறியும் தேசிய மரபணு வங்கி 1987-இல் அமைந்தது. 130-க்கும் மேற்பட்டோர் இதுவரை கண்டறியப்பட்டுள்ளனர். நடுவயதில், தம் பெயர் தமதன்று என்று அறிந்து, ஒருபோதும் காணாத தாய் வைக்க எண்ணியிருந்த பெயரைக் கேட்டோரும் அவர்களுள் உளர். ‘நீ யார் என்று உனக்குத் தெரியுமா?’ என்று பாட்டிமார் நாட்டின் இளைஞரை நோக்கிக் கேட்டனர். அக்கேள்வியில் அவர்கள் ‘உஸ்தேத்’ என்னும் மரியாதைச் சொல்லை இடவில்லை. பேரப்பிள்ளையை மடியில் அமர்த்தி விளிக்கும் ‘வோஸ்’ என்னும் சொல்லையே இட்டனர்.

ஆதலின், ‘உன்னை எவ்வாறு அழைத்துக்கொள்கிறாய்?’ என்பது தொடக்க மாணவர்க்குரிய எளிய தொடர் மட்டுமன்று. எதிரே இருப்பவரின் பெயரை முடிவு செய்யும் உரிமை அவருடையதே என்று ஒப்புக்கொள்ளும் வினா அது. பத்தாண்டுகளாகக் கூடிவரும் இவ்வட்டத்திலும், புதிதாக வாயிலில் வந்து தயங்கி நிற்கும் ஒரு கவிஞருக்கு முதலில் தேவைப்படுவது அவ்வினாவே. அதற்கு அவர் சொல்லும் விடையைப் பிழையின்றிச் செவிமடுத்து, அவர் சொன்னவாறே அவரை அழைப்பது அவை செய்யும் முதல் மரியாதையாகும்.