ஒருவர் எழுதுவதும் ஊர் சேர்ந்து எழுதுவதும்

(வெள்ளானூர் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்குள்ள வாலிபர்கள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஏரியின் நிலை, மனைப்பட்டா தகராறு, காண்டிராக்ட் தொழிலாளர் படும் பாடு முதலிய விஷயங்களை இணையத்தில் எழுதி வைக்க வேண்டும். அதற்கு வலைப்பதிவு ஏற்றதா, விக்கி ஏற்றதா என்பது கேள்வி. இரண்டும் புதிய சாதனங்கள், எதில் எழுதினால் என்ன என்று நினைப்பது சரியல்ல.

வலைப்பதிவு என்பது நாம் அறிந்த கையெழுத்துப் பத்திரிகைதான். ஒருவர் எழுதுகிறார், தம் பெயரைப் போடுகிறார், தேதியைப் போடுகிறார். புதியது மேலே வரும், பழையது கீழே போகும். படிப்பவர் அபிப்பிராயம் சொல்லலாம். மூலத்தில் கை வைக்க முடியாது. விக்கியோ ஊர்ப் பொதுப் பலகை. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். ஆனால் அழித்தது அழிந்து போவதில்லை. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறு பின்னாலேயே இருக்கும். அமெரிக்கரான வார்டு கன்னிங்ஹாம் 1995-ல் இதைத் தொடங்கினார். ஹோனலூலு விமான நிலையத்தில் ஓடிய பஸ்ஸின் பெயரிலிருந்து 'விக்கி' என்ற சொல்லை எடுத்தார். ஹவாய் மொழியில் 'விரைவு' என்று பொருள். 2001-ல் விக்கிப்பீடியா பிறந்தது.

தமிழில் இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில், 2003-ல் வேரூன்றின. வலைப்பதிவுகள் பெருகியதும் அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் திரட்டிக் காட்ட 2004-ல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' தொடங்கினார். பத்திரிகை ஆசிரியரின் தயவை எதிர்பாராமல் எழுத்தர்களும் குடும்பப் பெண்களும் வளைகுடாவில் வேலை செய்தவர்களும் எழுத வந்தார்கள். இது சாமானிய விஷயமல்ல. தமிழ் விக்கிப்பீடியாவில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் ஆரம்ப நாட்களில் ஏறக்குறைய தனியொருவராகக் கட்டுரைகளை எழுதிக் குவித்தார். 2017-ல் அது ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. கூட்டு முயற்சி என்று பெயர். தொடக்கத்தில் ஒற்றை மனிதரின் உழைப்பு! இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, இரண்டுக்கும் பரீட்சை வந்த நாளைப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றே மும்பையைச் சேர்ந்த சிலர் உதவிச் செய்திகளுக்காக ஒரு வலைப்பதிவைத் தொடங்கினர். பல நாடுகளிலிருந்தும் தொண்டர்கள் சேர்ந்தார்கள். எந்த ஊருக்கு என்ன தேவை, யாரிடம் பணம் கொடுப்பது, யாரைக் காணவில்லை என்று செய்திகள் வந்து குவிந்தன. வந்து குவிந்ததே தொல்லையும் ஆயிற்று. காலையில் போட்ட தொலைபேசி எண் மாலைக்குள் கீழே புதைந்துவிடும். அந்த எண் தவறு என்று பின்னால் தெரிந்தாலும் பழைய பதிவைப் படித்தவன் அதையே சுற்றிக்கொண்டிருப்பான். ஆகவே பக்கத்திலேயே ஒரு விக்கியும் வைத்தார்கள். நிலைத்து நிற்க வேண்டிய விவரம் விக்கிக்கு, இந்த நேரத்துச் செய்தி பதிவுக்கு என்று வேலை பிரிந்தது. நமது சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் பலர் சேர்ந்து திருத்தும் பொதுப் பட்டியல்கள்தான் படகுக்கும் உணவுக்கும் வழி காட்டின.

அப்படியானால் விக்கியே போதுமே என்பீர்கள். அங்குதான் சிக்கல். ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் பி.எப். பிடித்துவிட்டுக் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் அதை விக்கிப்பீடியாவில் எழுதினால் நிற்காது. 'வெளியிடப்பட்ட ஆதாரம் எங்கே?' என்று கேட்பார்கள். கேட்பது நியாயமே, அந்த விதி இல்லாவிட்டால் முதலாளியின் ஆளும் தன் புகழை அங்கே எழுதி நிரப்புவான். ஆனால் அச்சேறாதவர்களின் வாழ்க்கை அந்த விதிக்கு வெளியே நின்றுவிடுகிறது. முதன்முதலாகச் சொல்லும் வாய் பதிவுக்கும் பத்திரிகைக்கும்தான் உண்டு.

பெயர் போட்டு எழுதுகிறவன் தனியாகவும் மாட்டிக்கொள்கிறான். 2012-ல் ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரி வியாபாரி ஒருவர் கைதானார்; அதற்குப் பயன்பட்ட 66-ஏ பிரிவை 2015 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விக்கியையும் விட்டுவைக்கவில்லை. 2024-ல் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, திருத்தியவர்கள் யார் என்று கேட்டது. அந்த வழக்கைப் பற்றிய பக்கத்தையே எடுக்கும்படி உத்தரவாயிற்று. அவ்வுத்தரவை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தள்ளியது.

சொத்து யாருடையது என்பதையும் கேட்க வேண்டும். பலர் எழுதிய 'பிளாக்கர்' 2003 முதல் கூகிள் கம்பெனியின் சொத்து. யாகூ 2009-ல் ஜியோசிட்டீஸை மூடியபோது எத்தனையோ பேரின் பக்கங்கள் போயின. தமிழ்மணமும் பிற்பாடு நின்றுபோயிற்று. விக்கிப்பீடியாவின் எழுத்தை எவரும் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் உரிம நிபந்தனை. அது பெரிய காப்பு.

ஆகவே நாம் செய்ய வேண்டியது இது. முறையீடுகளையும் கூலிக் கணக்கையும் தேதியோடு பதிவாக எழுதுவோம்; எழுதுகிறவர் தனித்து நிற்காதபடி கூட்டாகக் கையெழுத்திடுவோம். ஏரி, தெரு, கோயில், பள்ளி விவரங்களை ஆதாரத்தோடு விக்கியில் சேர்ப்போம். எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி நோட்டுப் புத்தகத்திலும் இருக்கட்டும். ஏரி மதகுகளின் பழைய பெயர்களைப் பற்றி இந்தக் கூட்டத்திலேயே இரண்டு பெரியவர்கள் மாறுபட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இருவரையும் அழைத்துக்கொண்டு கரைக்குப் போவோம்; படம் எடுக்கத் தெரிந்தவர்கள் கைபேசியோடு வாருங்கள்.